பஸ்ஸில் ஏற வேண்டாம்

இலங்கைக்குள் எப்படிப் பயணம் செய்வது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தலைமன்னாரில் கப்பலை விட்டு இறங்கியதும் ரயிலில் எந்தப் பெட்டியில் ஏற வேண்டும், கொழும்பில் டிராம் வண்டியில் எப்படி நிற்க வேண்டும், மலைக்குப் போகும் ரயிலில் எந்தப் பக்க ஜன்னல் நல்லது, எல்லாம் தெரியும். இத்தனைக்கும் நான் அந்தத் தீவுக்குப் போனது ஒரே ஒரு தடவை. இவ்வளவும் என் அண்ணன் எழுதிய ஒரு கடிதத்தில் இருந்தது. அதை அண்ணிக்கு எத்தனையோ முறை படித்துக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கடைசி மூன்று வரியைப் படிக்காமல் மடித்து வைத்தேன்.

அப்போது நாங்கள் ஆம்பூரில் குடியிருந்தோம். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை, ஆகும் என்ற பேச்சும் மெல்ல ஓய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் ஒரு டேனரியில், பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு தடவியே ஆட்டுத் தோலா மாட்டுத் தோலா, எந்த இடத்தில் கத்தி பட்டிருக்கிறது என்று சொல்வான். வீட்டில் சோறு உண்ணும்போதும் வாழை இலையைத் தடவிப் பார்ப்பான். அண்ணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அண்ணி பள்ளிகொண்டா பக்கத்து கிராமத்துப் பெண். பள்ளிக்கூடம் போனதில்லை. பாலாற்றைத் தவிர வேறு தண்ணீரை அவள் பார்த்ததில்லை, பாலாற்றிலும் தண்ணீர் இருந்தது கிடையாது. கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அந்தக் குறையை அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தே கழித்தார்கள்.

தோல் வேலையில் ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. தோலில் மை நிற்காது. சுண்ணாம்புத் தொட்டியில் கிடந்து, மரப்பட்டைத் தண்ணீரில் ஊறி வெளியே வருவதற்குள் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். அதனால் பச்சைத் தோலாக வரும்போதே வால் ஓரத்தில் உளியால் ஓட்டை போட்டுக் குறி வைப்பார்கள். ஒவ்வொரு டேனரிக்கும் ஒரு குறி. எங்கள் டேனரிக்கு மூன்று ஓட்டை, ஒரு கீறல், மறுபடி இரண்டு ஓட்டை. கலந்து கிடக்கும் ஆயிரம் தோலில் தங்களுடையதை அந்தக் குறியை விரலால் தடவியே எடுத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அங்கே வேலை செய்கிற ஆண்கள் தங்கள் பெல்ட்டிலும் செருப்பிலும் அதே குறியைப் போட்டுக்கொள்வார்கள். மசூதி வாசலிலும் சர்ச் வாசலிலும் செருப்பு மாறிப் போனால் குறியைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள்.

முதலாளி அண்ணனை வருஷத்துக்கு ஒரு தடவை இலங்கைக்கு அனுப்புவார். ஒரு பெட்டி நிறையத் தோல் துண்டுகளும் பெல்ட்டுகளும் எடுத்துக்கொண்டு தீவு முழுக்கச் சுற்றி, செருப்புக் கடைக்காரர்களிடம் காட்டிவிட்டு வர வேண்டும். மூன்றாவது தடவை கிளம்பும்போது, அடுத்த முறை அண்ணியையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான். "இன்னா, கப்பல்ல வாந்தி எடுப்பியா?" என்று கேட்டான். "உங்க மேலதான் எடுப்பேன்" என்றாள் அண்ணி.

கிளம்புகிற அன்று காலையில் அவன் பெல்ட் தொளதொளவென்று இருந்தது. அந்த வருஷம் காய்ச்சல் கண்டு இளைத்திருந்தான். உளி டேனரியில் இருந்தது, ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நான் கோணி ஊசியை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். கை தவறி அது மற்ற ஓட்டைகளின் வரிசையிலிருந்து மேலே ஏறிவிட்டது. "டீச்சர் போட்ட ஓட்டையே கோணலா இருந்தா புள்ளைங்க எழுத்து எப்படி இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, அதையே மாட்டிக்கொண்டு போனான்.

நான்கு மாதம் கழித்து ஒரு மத்தியானம் முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மலைநாட்டில் ஒரு பஸ் மழையில் பள்ளத்தில் விழுந்துவிட்டதாம். செத்தவர்களில் ஓர் ஆளை அடையாளம் தெரியவில்லை. பெட்டியும் காகிதமும் ஆற்றோடு போய்விட்டன. இடுப்பில் ஒரு பெல்ட் மட்டும் இருந்தது. அங்கே உள்ள போலீஸ் அதிலிருந்த குறியைக் காகிதத்தில் வரைந்து, கொழும்புத் தோல் கடைகளில் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். ஒரு கடைக்காரர் எங்கள் டேனரியைச் சொன்னாராம். அந்தக் காகிதத்தை முதலாளி என்னிடம் நீட்டினார். மூன்று ஓட்டை, ஒரு கீறல், இரண்டு ஓட்டை.

"நம்ம குறி தப்பாதும்மா. அங்க நம்ம ஆளு அவரு ஒருத்தருதான். நான் ஆமான்னு எழுதிட்டேன். அடக்கம் பண்ணிட்டாங்க" என்றார்.

அண்ணி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அழவில்லை. "அந்தக் குறி போட்ட பெல்ட்டு அவரு பெட்டில ஒரு டஜன் இருந்திச்சே முதலாளி. விக்கறதுக்குத்தான எடுத்துட்டுப் போனாரு? வாங்கினவன் எவனோ பஸ்ஸுல போயிருக்கான். தோலுக்குப் போடற குறிய வெச்சி மனுசன எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள்.

முதலாளி நல்ல மனிதர். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வாழ்நாள் முழுக்கக் குறியைப் பார்த்தே முடிவு செய்த மனிதருக்கு, அந்தக் குறியை நம்பாத ஓர் ஆள் எதிரில் நிற்பது புதிதாக இருந்திருக்கும். பாஸ்டர் நினைவு ஜெபத்துக்கு நாள் கேட்டு வந்தபோதும் அண்ணி மாட்டேன் என்றுவிட்டாள். தாலியைக் கழற்றவில்லை. தெருவில் இரண்டு விதமாகவும் பேசினார்கள். எனக்கு அண்ணன் போய்விட்டான் என்றே தோன்றியது, ஆனாலும் அண்ணி சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு நானும் இரண்டு வாரம் ஓட்டினேன்.

அதற்குப் பிறகுதான் கடிதம் வந்தது.

அண்ணன் கையெழுத்து. அவன் எப்போதும் தேதி போடமாட்டான். கப்பலில் இந்தியாவுக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து இங்கே தபாலில் போடச் சொல்வான், அப்படிச் செய்தால் சீக்கிரம் கிடைக்கும் என்பது அவன் எண்ணம். வாங்கிய ஆள் சட்டைப் பையில் எத்தனை நாள் வைத்திருந்தாரோ, உறையில் விழுப்புரம் முத்திரைதான் இருந்தது. உள்ளே நான்கு பக்கம். அண்ணி அடுத்த வருஷம் வரும்போது எப்படி எப்படிப் பயணம் செய்ய வேண்டும் என்று, ஒரு பாடப் புத்தகம் எழுதுகிற சிரத்தையோடு எழுதியிருந்தான். நான் சத்தமாகப் படித்தேன். அண்ணி என் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்து, எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலைநாட்டுக்கு ரயிலில்தான் வர வேண்டும். இங்கே ரயிலைக் கோச்சி என்கிறார்கள். கோச்சி மெதுவாகப் போனாலும் பத்திரம். எக்காரணம் கொண்டும் பஸ்ஸில் ஏற வேண்டாம். வளைவுகள் ஜாஸ்தி, டிரைவர்கள் பொல்லாதவர்கள்."

இதைக் கேட்டதும் அண்ணி எழுந்துவிட்டாள். "பாத்தியா? பஸ்ஸுல ஏறாதன்னு எனக்கு எழுதறவரு, தான் போய் ஏறுவாரா? இப்ப சொல்லு டீச்சரு, செத்தது யாரு?" என்றாள். அவள் முகத்தில் விளக்கு ஏற்றினாற்போல இருந்தது.

என் கண் அப்போது நான்காம் பக்கத்தின் ஓரத்தில் இருந்தது. இடம் போதாமல் காகிதத்தைத் திருப்பி, ஓரத்தில் நீளவாக்கில் எழுதியிருந்தான்.

"பஸ்ஸைப் பற்றி எழுதியது எல்லாம் பிறர் சொல்லக் கேட்டது. நான் இன்னும் ஏறிப் பார்க்கவில்லை. நாளைக்கு ஒரு தடவை நானே போய்ப் பார்த்துவிட்டு, அவளை ஏற்றலாமா கூடாதா என்று எழுதுகிறேன்."

நான் படிக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர். அன்றைக்குச் சொன்னதும் பொய் இல்லை, ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அண்ணி சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பை அணைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று மடித்தேன்.

மறுநாளே அண்ணி பயணத்துக்குத் துணி எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். போய்ப் பார்க்க வேண்டும், அந்த பெல்ட் இவருடையது இல்லை என்று போலீஸிடம் சொல்ல வேண்டும், அப்படியே அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றாள். முதலாளி பர்மிட் வாங்கிக் கொடுத்தார். மே மாத விடுமுறையில் நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம்.

காட்பாடியிலிருந்து சின்ன ரயிலில் விழுப்புரம். அங்கே, கப்பலோடு போய்ச் சேருகிற போட் மெயில். பெஞ்சில் உட்கார்ந்ததும் அண்ணி தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். ஏறுகிறவர்கள், "யாராச்சும் வர்றாங்களாம்மா?" என்று கேட்டார்கள். "வருவாரு" என்றாள். திருச்சியில் ஓர் அம்மாள் கோபித்துக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் தானே எழுந்து வேறு பக்கம் போய்விட்டாள். எனக்கு ஏன் என்று தெரியும். எங்கள் புடவையிலும் பெட்டியிலும் டேனரி வாசனை ஊறிக் கிடந்தது. ஊரில் இருக்கும்வரை அது எங்களுக்குத் தெரிந்ததில்லை. அண்ணிக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை, காலியான இடத்தில் தன் முந்தானையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மண்டபத்தில், தீவுக்குப் போகிறவர்களைச் சோதிக்கிற முகாமில், டாக்டர் நாக்கையும் கண்ணையும் பார்த்தார், அம்மை குத்திய தழும்பைப் பார்த்தார். "டாக்டர் முகத்தைச் சுளிப்பார், அது அவர் சுபாவம், பயப்படாதே" என்று கடிதத்தில் இருந்தது. சுளித்தார். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது, கீழே பார்க்காமல் தூரத்தில் பார்க்கச் சொல்லியிருந்தான். அண்ணி தூரத்தில் பார்த்தாள். தனுஷ்கோடியில் ரயிலும் கப்பலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், நடுவில் மணல் மட்டும்தான், செருப்பைக் கையில் எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தான். எடுத்துக்கொண்டோம். கப்பலில் மேல் தட்டு, புகைபோக்கிக்குப் பக்கத்தில் நிற்காதே, கரி விழும். நிற்கவில்லை. அவன் எழுதியது ஒவ்வொன்றாக அப்படியே நடக்க நடக்க, எனக்குப் பயம் வந்தது. நாங்கள் போய்ச் சேருகிற இடத்தில் எல்லாம் அவன் ஒரு நிமிஷம் முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போனதாகத் தோன்றியது. அண்ணிக்கும் அதே எண்ணம்தான். ஆனால் அது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

தலைமன்னார் ஸ்டேஷனில் இறங்கி நின்றபோது அவள் மூக்கை உயர்த்தி மோந்தாள். "தோலு வாசன வர்ல? அவரு இங்க வந்திருக்காரு" என்றாள்.

"அது நம்ம வாசன அண்ணி" என்றேன்.

"உனக்கு எல்லாம் பாடம்தான்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள்.

கொழும்பில் முதலாளிக்குத் தெரிந்த தோல் கடை ஒன்று இருந்தது. போலீஸ் காட்டிய குறியை அடையாளம் சொன்னவரும் அந்தக் கடைக்காரர்தான். அண்ணன் அங்கே கடைசியாக வந்தது பஸ் விழுவதற்குச் சில நாள் முன்பு என்றார். அதற்குப் பிறகு வரவில்லை. அண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, கடையில் தொங்கிய பெல்ட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐந்தாறில் எங்கள் குறி இருந்தது. "இந்தா, இந்தா, இந்தா" என்று ஒவ்வொன்றாக என்னிடம் காட்டினாள். கடைக்காரர் மலைக்குக் காலையில் பஸ் இருக்கிறது, சீக்கிரம் போகலாம் என்று சொன்னார். அண்ணி என்னைப் பார்த்தாள். ரயிலில் போனோம். வலது பக்க ஜன்னல்.

அந்த மலை ரயிலை என்னால் மறக்க முடியாது. சுரங்கத்துக்குள் நுழையும்போது பெட்டி இருண்டுவிடும், வெளிச்சம் வரும்போது எதிரில் அண்ணியும் அவள் பக்கத்துக் காலி இடமும் தெரியும். ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் வரும் அந்த ஒரு கணத்தில், அங்கே அவன் உட்கார்ந்திருப்பான் என்று பயந்தேன். என் தவறு அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஓரத்தில் எழுதியதை ஏன் படிக்கவில்லை என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

ரயில் எங்களை இறக்கிவிட்ட ஊரின் பெயரை எழுத மனம் வரவில்லை. சின்ன ஸ்டேஷன், சுற்றிலும் தேயிலை, மேகம் கையெட்டும் உயரத்தில். போலீஸ் ஸ்டேஷனும் கல்லறைத் தோட்டமும் அங்கிருந்து பன்னிரண்டு மைல். ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "பஸ்ஸை விட்டால் வேறை வழியில்லைப் பிள்ளை. கரத்தையில போனால் பொழுதுபட்டுப் போகும். அதுவும் இந்த மழைக்கு ஒருத்தனும் வரமாட்டான்" என்றார். கரத்தை என்பது மாட்டு வண்டி. அதையும் அண்ணன் எழுதியிருந்தான்.

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நீ போய்ட்டு வா. நான் பஸ்ஸுல ஏறமாட்டேன்."

"இவ்ளோ தூரம் வந்துட்டு..."

"அவரு சொன்னத மீறி ஏறினேன்னு வெச்சிக்கோ, நாளைக்கு அவரே வந்து கேட்டாருன்னா நான் இன்னா பதில் சொல்றது? நீ பாத்தா நான் பாத்த மாதிரி."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கடிதம் அவள் பையில் இருந்தது. வாங்கி, ஓரத்தைத் திருப்பி, மூன்று வரியைப் படித்திருந்தால் அவள் என்னோடு வந்திருப்பாள், அவனை வைத்த இடத்தையாவது பார்த்திருப்பாள். நான் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர் ஏறினார்கள், கூடையும் கோழியுமாக நெருக்கியடித்து நின்றார்கள். என் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே வந்தது. வாசனைதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு அந்தக் காலி இடத்தின் மேல் சாய்ந்தது. ஓர் இடத்தில் சாலையோரச் சுவர் புதிதாகக் கட்டியிருந்தது, சிமெண்டு இன்னும் கறுக்கவில்லை. நின்றிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு பெண் நெஞ்சில் கை வைத்தாள். பஸ் விழுந்த இடம் அதுதான் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவை இருக்கவில்லை. அண்ணனும் இந்த வளைவு வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு, அண்ணியை இதில் ஏற்றலாமா கூடாதா என்று மனத்துக்குள் எழுதிக்கொண்டே வந்திருப்பான்.

போலீஸ் ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த குமாஸ்தா ஒருவர் அலமாரியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தார். பெல்ட் தண்ணீரில் ஊறிக் காய்ந்து விறைத்திருந்தது. உள்பக்கம் எங்கள் குறி. நான் அதைப் பார்க்கவில்லை. வெளிப்பக்கம் திருப்பினேன். வரிசையிலிருந்து விலகி, மேலே ஏறி, விளிம்பு கருகிய ஓர் ஓட்டை. என் சுண்டு விரல் நுனியை அதில் வைத்தேன்.

"உங்கட ஆளின்டதா?" என்று கேட்டார் குமாஸ்தா.

"இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் யோசித்துவிட்டேன். ஆமாம் என்றால் கையெழுத்துப் போட்டு பெல்ட்டை வாங்க வேண்டும், ரயில் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கு நான் பயந்தேன். அன்பு என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பயம்தான். குமாஸ்தா மரியாதைக்காகக் கல்லறைத் தோட்டத்தையும் காட்டினார். மரச் சிலுவை, சுண்ணாம்பு அடித்தது, வீட்டு ஆள் வந்து உறுதி சொல்லட்டும் என்று பெயர் எழுதாமல் விட்டிருந்தார்கள். ஆம்பூரிலிருந்து வந்த நானே இல்லை என்று சொல்லிவிட்டால் இனி அதில் பெயர் வராது என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ ஓர் ஆளின் குழி முன்னால் நான் எப்படி அழுவது? நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அண்ணி அதே பெஞ்சில் இருந்தாள். முந்தானை பக்கத்து இடத்தில் கிடந்தது.

"இல்லதான?"

"இல்ல அண்ணி. அது வேற யாரோ."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் என்னை உட்காரச் சொன்னாள். திரும்பி வரும் வழியில் அவள் யாருக்கும் இடம் விடவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

பிறகு வருஷங்கள் போயின. எனக்கு வேலூருக்கு மாற்றல் ஆகி, சத்துவாச்சாரியில் வீடு எடுத்தோம். அண்ணி தாலியோடும் பூப்போட்ட புடவையோடும் சர்ச்சுக்கு வந்தாள். கேட்டவர்களுக்கு, "சிலோன்ல இருக்காரு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கடிதத்தை எடுத்து வருவாள். நான் படிப்பேன், மடிப்பேன். வீட்டுக்கு முன்னால் பெரிய ரோடு. பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் நான் வாசலைப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போகும்போது பக்கத்து இடம் காலியாக இருந்தால், உள்ளே நகர்ந்து அதையும் சேர்த்து உட்கார்ந்துகொள்வேன். நடத்துனர்கள் முறைப்பார்கள்.

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன செய்தியைப் பேப்பரில்தான் பார்த்தேன். ஊர் இல்லை, ரயில் இல்லை, கப்பல் நின்ற இடம் இல்லை. நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த மணலும் தண்ணீருக்குள் போயிருக்கும். அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று பேப்பரை மடித்து மடித்துப் பிரித்தேன். இனிமேல் அவர் எப்படி வருவார் என்று கேட்பாள், அதற்கு ஒரு பதில் வேண்டுமே என்றுதான் கவலை. கடைசியில் சொன்னேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். கடிதத்தை எடுத்து வந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை.

"படி" என்றாள்.

படித்தேன். மண்டபம், பாம்பன், மணல், கப்பல், கோச்சி, பஸ்ஸில் ஏற வேண்டாம். வழக்கம்போல மடிக்கப் போனேன்.

"ஓரத்துல இருக்கறதயும் படி."

என் கை அப்படியே நின்றது.

"எனக்குப் படிக்கத்தான் தெரியாது. இங்க்கு எங்க இருக்குதுன்னு கூடவா தெரியாது? மொத நாள்லயிருந்து பாக்கறேன், அந்த ஓரத்துல மட்டும் உன் கண்ணு போவும், வாய் தெறக்காது."

"வேற யார்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கலாமே அண்ணி."

"குடுத்திருக்கலாம். நீயே படிக்கட்டும்னு இருந்தேன்."

காகிதத்தைத் திருப்பினேன். எழுத்து மங்கியிருந்தது, எனக்கு அது பார்க்காமலே தெரியும். படித்தேன். அவளை ஏற்றலாமா கூடாதா என்று எழுதுகிறேன் என்ற வரியோடு முடிந்தது. அழுதது நான்தான்.

அண்ணி அந்த ஓரத்து எழுத்தை விரலால் தடவினாள். "எனக்காகப் போய்ப் பாத்திருக்காரு" என்றாள். பிறகு, "அந்த பெல்ட்டுல நீ போட்ட ஓட்ட இருந்திச்சா?" என்று கேட்டாள்.

"இருந்திச்சி."

"அவர வெச்ச எடத்துல இன்னா எழுதியிருக்காங்க?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. வெறும் சிலுவ. நான் இல்லன்னு சொல்லிட்டேன்."

அவள் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். கடிதத்தை என் கையில் மறுபடி விரித்து வைத்தாள்.

"பேரு எழுதணுமே டீச்சரு. கப்பலு இல்லன்னா இனிமே நாம எப்படிப் போறது? வேற வழி எதனா எழுதியிருக்காரா பாரு."

அதில் வேறு வழி எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்து, மெதுவாக, ஓரம் வரைக்கும் படித்தேன்.